கஜாவுக்குப் பிறகு எங்கள் வாசலில் பொடுதலை

2018 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் வாசலில் 11 தென்னை மரங்கள் இருந்தன. விடிந்து கதவைத் திறந்தபோது 2 நின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற வழியில் எங்கள் ஊர். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக் கதையும் இதுதான்.

மரம் போன துக்கம் எங்களுக்கு உடனே புரிந்தது. நிழல் போனது புரிய அடுத்த சித்திரை வரவேண்டியிருந்தது. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் சுமார் 900 சதுர அடி வெற்றுத் தரை. களிமண். வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடித்துக் கை நுழைகிற அளவுக்கு விரியும். மழை பெய்தால் கூடத்துக்குள் சேறு வரும். ஓட்டிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்குக் குழி பறிந்து, அங்கிருந்து ஓடை மாதிரி கிழித்துக்கொண்டு மேல்மண் தெருவுக்குப் போனது. தாத்தா காலத்திலிருந்து குப்பை எரு போட்டுச் சேர்த்த மண் அது. அதைத் தெருவில் பார்க்க வயிறு எரிந்தது.

தரையை மூட ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்து, இரண்டு முறை தவறான செடியைப் போட்டு, மூன்றாவது முறை பொடுதலைக்கு வந்து சேர்ந்தேன். அது போட்டு நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மாதத்தில் அரை நாள் வேலைகூட அந்த வாசல் கேட்பதில்லை. நான் எங்கே தவறினேன், எது கைகொடுத்தது என்பதை, எங்களை மாதிரி உப்புத் தண்ணீரும் வெட்டவெளியும் உள்ளவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் போட்டது கொரியன் புல். ஒரு நர்சரிக்காரர் வந்து பாய் பாயாக விரித்துக் கொடுத்தார். விரித்த அன்றைக்கு வீடே மாறிப்போன மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. தினம் அரை மணி நேரம் மோட்டார் போட்டுப் பாய்ச்சினேன். பாய்ச்சப் பாய்ச்ச மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. வைகாசிக்குள் புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகிப் போயிற்று. அந்தப் புல்மேல் எனக்குக் குறை இல்லை. நல்ல தண்ணீரும் வாராவாரம் வெட்ட ஆளும் இருக்கிற வீட்டுக்கு உரியது அது. எங்கள் தண்ணீரைக் கையில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் செடியைத் தேர்ந்திருக்க வேண்டியது நான்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. இன்னொரு நர்சரியில் ‘மஞ்சள் கரிசாலை’ என்று சொல்லி, மஞ்சள் பூப் பூக்கிற ஒரு படர்கொடியைக் கொடுத்தார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி மூலிகைதானே, கீரையாகவும் ஆகும் என்று சந்தோஷமாக வாங்கி நட்டேன். மூன்றே மாதத்தில் தரை தெரியவில்லை. ஆறாவது மாதம் முழங்கால் உயரம். அடுத்த மழைக்கு வேலி தாண்டி வாய்க்கால் ஓரம் இறங்கிவிட்டது. மல்லிகைக் கொடி அதற்குள் முங்கிச் செத்தது. ஒருநாள் இலையை ஒதுக்கியபோது உள்ளே முழு நீளத்துக்கு ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அன்றைக்கே பிடுங்குவது என்று முடிவு செய்தோம்.

அது மஞ்சள் கரிசலாங்கண்ணியே இல்லை. அமெரிக்காவின் வெப்பமண்டலத்திலிருந்து அழகுச் செடியாக உலகமெல்லாம் போன வெடேலியா. உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இதுவும் இருக்கிறது. இரண்டுக்கும் பூ ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறோம். இலையைப் பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீளவாக்கில் ஈட்டி போல ஒரே ஓட்டமாக இருக்கும். வெடேலியாவின் இலையில் இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி பிளவு இருக்கும், மொத்தத்தில் மூன்று முனை தெரியும். கைப்பேசியில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் பூப் படத்தை விட்டுவிட்டு இலைப் படத்தைக் கேளுங்கள். அதைப் பிடுங்கி ஒழிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஒரு கணு மண்ணில் தங்கினால் போதும், திரும்பத் துளிர்க்கும். பிடுங்கியதை வாய்க்காலில் வீசாமல் சிமெண்ட் தரையில் போட்டுச் சருகாகக் காயவைத்து எரித்தோம்.

இந்தப் போராட்டத்தை எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் மாமியார். 2021 ஆனியில் ஒரு சாயங்காலம் என்னைப் படித்துறைக்குக் கூட்டிப்போனார். “ஏம்மா, காசு குடுத்து வாங்குற செடி எதுவும் நம்ம தண்ணிக்கு நிக்கல. இந்தா பாரு. மாடு மிதிக்குது, ஆறு மாசம் காயுது, ரெண்டு மாசம் தண்ணிக்குள்ள கெடக்குது. எப்பப் பாத்தாலும் பச்சையாத்தானே இருக்கு?” என்றார். கரையோடு ஒட்டி, விரலிடை உயரத்தில் பாய் விரித்த மாதிரி பொடுதலை. “இது களைதானே அத்தை?” என்றேன். “வயல்ல இருந்தா களை. வாசல்ல இருந்தா தரை” என்றார். இத்தனை வருடம் அதன் மேல்தான் நடந்து போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பொடுதலையைத் தெரியாதவர்களுக்கு அடையாளம் சொல்கிறேன். தண்டு தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் இறக்கும். இலை சின்ன மரக்கரண்டி போல, அடியில் குறுகி நுனியில் அகன்றிருக்கும்; நுனிப் பாதியில் மட்டும் ரம்பப் பல் தெரியும். கணுவிலிருந்து மெல்லிய காம்பு நிமிர்ந்து, அதன் தலையில் திப்பிலி போல ஒரு குட்டிக் கொண்டை வரும். வடமொழியில் இதற்கு ஜலபிப்பலி, அதாவது நீர்த் திப்பிலி என்று பெயர் வந்தது அதனால்தான். அந்தக் கொண்டையைச் சுற்றி எள்ளளவு பூக்கள் ஒரே ஒரு வளையமாகப் பூக்கும். காலையில் குனிந்து பார்த்தால் வெள்ளைப் பூவின் தொண்டையில் மஞ்சள் இருக்கும். பூ முதிர முதிர அந்த மஞ்சள் போய் ஊதா ஏறும். அடி வளையம் உதிர உதிர அதற்கு மேல் அடுத்த வளையம் பூக்கும், கொண்டையும் நீண்டுகொண்டே போகும். முதல் வருடம் காலையில் கோலம் போட்டு முடித்ததும் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டுத்தான் எழுவேன்.

வேலைக்கு வருகிறேன். பொடுதலையின் வெற்றி தோல்வி நடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எதிரி கோரை. கோரையின் கிழங்கு மண்ணில் இருக்கும்போது மேலே எதை நட்டாலும் அது துளைத்துக்கொண்டு வரும், பிறகு பொடுதலைப் பின்னலுக்குள்ளிருந்து அதைப் பிரித்து எடுக்க முடியாது. நான் ஆடியில் அரை அடி ஆழம் கொத்திக் கட்டிகளை உடைத்து, கிடைத்த கிழங்கை எல்லாம் பொறுக்கினேன். பிறகு எதையும் நடாமல் வெறும் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டுக் காத்திருந்தேன். பத்து நாளில் மிச்சக் கிழங்குகள் பச்சையாகத் தலை நீட்டின. ஈரம் இருக்கும்போது களைக்கொத்தை ஆழமாக விட்டு, மேலிருந்து இழுக்காமல் அடியோடு நெம்பி எடுத்தேன். மேலே இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு சிரித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். இப்படி மூன்று சுற்று. நட அவசரப்படாத அந்த ஒன்றரை மாதம்தான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

புரட்டாசியில் நட்டேன். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் மழை. அது ஐப்பசியில் பிடிப்பதற்குள் வேர் இறங்கிவிட வேண்டும், பிறகு தண்ணீர் விடுகிற வேலையை மழை பார்த்துக்கொள்ளும். படித்துறைக் கரையிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கொடியைக் கிள்ளி வந்தோம். கரையை மொட்டையடிக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்தோம், ஏனென்றால் அந்தக் கரை நிற்பதும் அதனால்தான். ஒரு சாண் நீளத் துண்டு, நடுவில் இரண்டு மூன்று கணு மண்ணுக்குள், நுனி வெளியே. விரலால் கீறி, படுக்கவைத்து, மண்ணைத் தள்ளி, கால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான் நடவு. பாதி வாசலில் அரை அடி இடைவெளி விட்டேன், கொடி போதாமல் மீதியில் ஓர் அடி விட்டேன். அரை அடிப் பக்கம் தைப் பொங்கலுக்கு மூடிவிட்டது. ஓர் அடிப் பக்கம் மூடப் பங்குனி ஆயிற்று, அதுவரை அங்கே களை எடுத்து எடுத்து என் இடுப்பு போயிற்று. கொடி குறைவாக இருந்தால் முழு இடத்திலும் கலைத்து நடாமல், பாதி இடத்தில் நெருக்கமாக நட்டு, அது படர்ந்த பின் அதிலிருந்தே வெட்டி மீதிக்கு நடுங்கள்.

முதல் பதினைந்து நாள் காலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். அதன்பின் ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. வாசலில் மூன்று நாள் கணுக்கால் தண்ணீர் நின்றது. போயிற்று என்றே நினைத்தேன். தண்ணீர் வடிந்தபோது இலை எல்லாம் சேறு பூசிக் கிடந்தது, செடி ஒன்றுகூட அழுகவில்லை. படித்துறையில் தண்ணீருக்குள் கிடந்து பழகியதற்கு இது ஒன்றுமில்லை போலும். ஓட்டுத் தண்ணீர் பறித்த குழியில் மண் நிரப்பி, அங்கே மட்டும் விரல் இடைவெளியில் நட்டு, மேலே நாலு ஓட்டுத் துண்டு பரப்பியிருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த ஓடு கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் இலைமேல் விழுந்து, சிதறி, தெளிந்து தெருவுக்குப் போயிற்று. மண் போகவில்லை. ஒரு கொடியை அங்கே மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு தையல் போட்ட மாதிரி வேர், தூக்கினால் மண்ணையும் சேர்த்துத் தூக்குகிறது.

கோடைக்கு என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் இலை சிறுத்து, தடித்து, ஓரத்தில் ஊதா கலந்த செம்மை ஏறியது. வாடல் என்று நினைத்துத் தினம் தண்ணீர் விட்டேன், தேவையே இல்லை. அது வெயிலைச் சமாளிக்கிற விதம். இப்போது கோடையில் எட்டு அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, மண் நன்றாக நனையும்படி விடுகிறேன், அதே உப்புத் தண்ணீர்தான். மழைக்காலத்தில் எதுவும் இல்லை. எருவும் பெரிதாகத் தேவையில்லை. ஒரு தடவை ஆசைப்பட்டு மாட்டெருவை அள்ளிப் போட்டதில் இலை பெருத்து, தண்டு நீண்டு, தரையோடு கிடக்காமல் எழும்பி நின்றது. இப்போது ஆவணியில் ஒருமுறை சலித்த மண்ணோடு கொஞ்சம் மக்கின எருவைக் கலந்து, பள்ளம் விழுந்த இடங்களில் மட்டும் தூவுகிறேன்.

நிழலில் மட்டும் இது நிற்காது. மாமரத்தடியில் நட்டது ஒல்லியாக நீண்டு, இடைவெளி விட்டு, கடைசியில் போய்விட்டது. அங்கே குழாயடி ஈரம் இருந்ததால் வல்லாரை வைத்தேன், அது நன்றாக இருக்கிறது. ஆனால் வல்லாரை ஈரம் காய்ந்தால் சுருண்டுவிடும், வெட்டவெளிக்கு அதை நம்பாதீர்கள். வெயிலுக்குப் பொடுதலை, ஈர நிழலுக்கு வல்லாரை என்று இரண்டையும் அதனதன் இடத்தில் விட்டுவிட்டேன்.

மிதிபடுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மிதிபடும். பிள்ளைகள் ஓடலாம், சாயங்காலம் பாய் போட்டு உட்காரலாம், நெல் மூட்டையை ஒருநாள் இறக்கி வைக்கலாம். தினம் ஒரே தடத்தில் நடந்தாலோ வண்டி ஏறி இறங்கினாலோ அந்தத் தடம் மொட்டையாகும். நாங்கள் வண்டி வரும் தடத்தில் உடைந்த கடப்பாக் கல்லை ஒரு காலடி இடைவெளியில் பதித்தோம். கல்லுக்கு நடுவில் பொடுதலை தானாக நிரம்பிக்கொண்டது.

தேனீ பற்றி முன்பே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூ நிறைந்த காலத்தில் காலை 8 மணியிலிருந்து வாசல் முழுக்கத் தேனீ. குட்டி நீல வண்ணத்துப்பூச்சிகள் கொண்டை கொண்டையாகத் தாவும். சிறகில் மயில்கண் போட்ட ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்றும் வரும், அதன் புழுக்களுக்கு இந்த இலைதான் ஒரு தீனி. மருந்தடிக்காத வாசலுக்குக் கிடைக்கிற வரவு இது, எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் வெறுங்காலோடு ஓடிய என் தங்கை மகன் தேனீயை மிதித்துக் கால் வீங்கி இரண்டு நாள் அழுதான். அதிலிருந்து, விசேஷத்துக்கோ விடுமுறைக்கோ பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்னதாக நடைப் பக்கம் மட்டும் கதிர் அரிவாளால் பூக்கொண்டைகளைச் சீவி விடுகிறேன். வேலி ஓரத்துப் பூவை விட்டுவைப்பேன். தேனீக்கள் அங்கே நகர்ந்துகொள்ளும்.

மறக்கக் கூடாத வேலை ஓரம் வெட்டுவது. மாதம் ஒருமுறை மண்வெட்டியைச் செங்குத்தாகப் பிடித்துப் பூப்பாத்தி ஓரத்தில் கோடு போட்ட மாதிரி வெட்டி, தாண்டி வந்ததை உருவிவிட வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. விட்டால் கனகாம்பரப் பாத்திக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதன் ஓட்டத்தைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். இதன் ஒன்றுவிட்ட உறவான தென்னமெரிக்கச் செடி ஒன்று ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளிகளில் புகுந்து மேய்ச்சல் நிலத்தையே பிடித்துக்கொண்டது. ஜப்பானிலோ பொடுதலையிலிருந்தே விதை கட்டாத ரகத்தை எடுத்து ‘குராபியா’ என்ற பெயரில் புல்தரைக்குப் பதிலாகப் போடுகிறார்கள், தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கலிபோர்னியாவிலும் அது போயிருக்கிறது. நம் ஊரில் வரப்பிலும் குளக்கரையிலும் தானாகவே இருப்பதால் அந்தப் பயம் இல்லை, ஆனாலும் அடுத்த வீட்டுக் கீரைப் பாத்திக்குள் போகவிடக் கூடாது.

ஒரு தடவை களைக்கொல்லியை நம்பிக் கெட்டேன். இரண்டாம் வருடம் ஒரு மூலையில் குப்பைமேனியும் மூக்கிரட்டையும் நிறைய வந்தன. குனிய அலுப்புப்பட்டு, ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, “புல்லை ஒன்றும் செய்யாது, களை மட்டும் போகும்” என்ற மருந்தை அடித்தேன். அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்கிற மருந்து. பொடுதலை புல் இல்லை, அதுவும் அகன்ற இலைதான். ஒரு வாரத்தில் ஒரு பாய் அகலத்துக்குக் கருகிப்போயிற்று. அதோடு அந்த இடத்துக் கீரையை ஒரு வருடம் பறிக்கவில்லை. கருகிய இடத்தைக் கொத்தி, சுற்றியிருந்த கொடியையே மடக்கி விட்டதில் மூன்று மாதத்தில் மூடியது. மூடிய தரையில் களை குறைவு, வருவதைக் கையால் எடுக்க வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

பறிக்கிற கதையும் இருக்கிறது. எங்கள் அத்தை கொழுந்தை மட்டும் கிள்ளி, நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் சிவக்க வறுத்து, இலையை அதே சூட்டில் வதக்கி, தேங்காயும் கோலிக்குண்டளவு புளியும் வைத்து அம்மியில் துவையல் அரைப்பார். லேசான கசப்பும் காட்டுப் பச்சை மணமும் இருக்கும், சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்தால் கசப்பு அடங்கிவிடும். மூலத்துக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இலைச்சாற்றோடு அதே அளவு நல்லெண்ணெய் விட்டுச் சாறு சுண்டக் காய்ச்சிப் பொடுகுக்குத் தலையில் தேய்ப்பார்கள். நோய்க்கு மருந்தாகச் சாப்பிடுகிறவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். சாலையோரத்திலும் சாக்கடைக் கரையிலும் இருப்பதைப் பறிக்காதீர்கள். நாய் படுக்கிற வாசல் என்றால் சமையலுக்கென்று ஒரு தொட்டியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அத்தை போன மாசியில் தவறிவிட்டார். கடைசி ஆறு மாதம் அதிகம் நடக்கவில்லை, ஆனால் சாயங்காலம் செருப்பில்லாமல் வாசலில் நாலு அடி நடந்தால்தான் அவருக்கு அந்த நாள் முடியும். அவர் நடந்த தடம் மட்டும் கொஞ்ச நாள் இலை தேய்ந்து தெரிந்தது. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் அதுவும் மூடிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்தப் புரட்டாசிக்கு வேதாரண்யத்திலிருந்து என் நாத்தனார் கொடி கேட்டிருக்கிறார், அவர்கள் மண் எங்களைவிட உப்பு, மணலும்கூட. வெட்டின கொடியை ஈரச் சாக்கில் தளர்வாகச் சுருட்டி, நிழலில் வைத்துக் கொண்டுபோனால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே சூடேறி இலை கறுத்துவிடும். அவரை முதலில் கோரையை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது சுற்று முடிந்தது என்று நேற்று போன் செய்தார், மூன்றாவது சுற்றும் முடியட்டும், பிறகு சாக்கைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.